பழைய காருக்கு இன்னும் செலவு செய்யலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். திருமங்கலத்தில் இருக்கிறீர்கள். 2011 மாடல் ஹூண்டாய் ஐ10, 1.1 பெட்ரோல், 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிளட்ச், சஸ்பென்ஷன், டைமிங் பெல்ட், நாலு டயர், ஏசி எல்லாம் சேர்த்து மெக்கானிக் 62,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். அப்படியே விற்றால் 1,40,000 கிடைக்கும் என்கிறார்கள். பதினைந்து வருஷ ஆர்.சி. (பதிவுச் சான்று) முடியப் போகிறது. "அதைத் தள்ளிவிட்டு லோன் போட்டு 2019 மாடலாக அஞ்சு லட்சத்துக்கு ஒன்று எடு" என்று மச்சான் சொல்கிறார். மாதம் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டம்: மதுரை, உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊர், எப்போதாவது கொடைக்கானல். வீட்டில் வயதான அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள்.

வண்டியை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் 62,000-ஐ எடுத்து நீட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இரண்டு இருக்கிறது. மச்சான் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. "வண்டி பெறுவதே ஒண்ணே கால், ஒன்றரை லட்சம், அதற்கு அறுபதாயிரம் செலவா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கேட்க நியாயமாகப் படும். ஆனால் ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடவே கூடாது. நீங்கள் அந்த 62,000-ஐக் கொடுத்து வாங்குவது வண்டியை அல்ல, இன்னும் இரண்டு மூன்று வருஷ ஓட்டத்தை. அதே ஓட்டத்தை வேறு வண்டியில் வாங்கினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

போட்டுப் பார்ப்போம். ரிப்பேர் செய்து மூன்று வருஷம் ஓட்டுகிறீர்கள் என்றால் 62,000 வருஷத்துக்கு 21,000 ஆகிறது. சின்னச் சின்ன வேலை, சர்வீஸ் என்று வருஷம் 18,000 வையுங்கள். 1,40,000 பெறுகிற வண்டி மூன்று வருஷம் கழித்து 90,000-க்குப் போனால் தேய்மானம் வருஷம் 17,000. ஆர்.சி. புதுப்பிக்கிற செலவையும் பிரித்துப் போட்டால் மொத்தம் வருஷத்துக்கு அறுபதாயிரத்தை ஒட்டி வரும்.

இப்போது மச்சான் சொன்ன வழி. பழைய வண்டியை விற்ற 1,40,000 போக 3,60,000 லோன். பழைய காருக்கான லோனுக்கு வட்டி புது காரை விட அதிகம். 13 சதவீதம், ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 8,190 ரூபாய் சுமார். முதல் மூன்று வருஷத்தில் வட்டி மட்டுமே வருஷத்துக்கு 36,000 வரை போகும். ஐந்து லட்சத்து வண்டி மூன்று வருஷத்தில் 3,20,000-க்கு இறங்கினால் தேய்மானம் வருஷம் 60,000. வாங்கின கையோடு டயர், பேட்டரி, ஆயில், பிரேக் பார்க்க 40,000 எடுத்து வைக்க வேண்டும், அது வருஷத்துக்கு 13,000. அதற்கப்புறம் வருகிற சர்வீஸ் 10,000. ஆக ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஒட்டி வருகிறது. இரண்டு மடங்கு. விலைகளெல்லாம் என் உத்தேசம்தான், உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் இடைவெளி பெரிதாகச் சுருங்காது.

புது வண்டி மைலேஜ் அதிகம் தரும் என்று ஒரு வாதம் வரும். உங்கள் ஓட்டம் வருஷத்துக்கு 7,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கொடுப்பது 18 ஆனால் மிச்சமாவது 114 லிட்டர், பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய். அது இ.எம்.ஐ.யில் ஒன்றரை மாதத்துக்குக்கூடக் காணாது. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கே வேறு. உங்களுக்கு இல்லை.

சரி, கணக்கு பழைய வண்டிக்குச் சாதகம். ஆனால் இந்தக் கணக்கு முழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: 62,000 செலவழித்த பிறகு வண்டி மூன்று வருஷம் ஓடும் என்பது. அதைத்தான் முதலில் உறுதி செய்ய வேண்டும்.

பார்க்க வேண்டிய ஒன்று பாடி. இன்ஜினைப் பிரித்துக் கட்டலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், ஆனால் தகரம் இற்றுப்போனால் அந்த வண்டிக்கு மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். மதுரை வறண்ட ஊர், இங்கேயே ஓடின வண்டிகளில் துரு குறைவு. மதுரைப் பதிவான டி.என். 58, 59, 64 வண்டியைப் பார்க்கிற கண்ணோடு ராமநாதபுரத்து 65-ஐயோ தூத்துக்குடி 69-ஐயோ பார்க்கக் கூடாது. உப்புக்காற்று மேலே பெயின்ட்டை விட்டுவிட்டு அடியில் வேலையைக் காட்டும். கடலோர ஊர் ஒன்றில் ஓடிய கார் ஒன்றைத் தூக்கிப் பார்த்தபோது, மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு, கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிப் பகுதியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கியது. உங்கள் வண்டியை நீங்கள் இரண்டாம் கையாகத்தான் வாங்கினீர்கள் என்றால் அதற்கு முன் எந்த ஊரில் ஓடியது என்று பாருங்கள். லிஃப்டில் ஏற்றச் சொல்லி, கதவுக்கு அடிப்பகுதி, கால் மிதிக்குக் கீழே தரை, பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் மேல்முனை உட்காரும் இடம், இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். மேல் பரப்பில் செந்துரு இருந்தால் பரவாயில்லை. அடுக்கடுக்காக உரிந்தாலோ ஓட்டை விழுந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

இன்னொன்று இன்ஜின், அதிலும் கூலிங். நம் ஊர் வெயிலில் பழைய வண்டிகளைக் கொல்வது கிலோமீட்டர் அல்ல, சூடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு பழக்கங்கள் ஊறிப்போய்விட்டன. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுவது ஒன்று. பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடுகிற அதே தண்ணீர்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் போய்ப் படிகிறது. இரண்டாவது, வண்டி சூடாகிறது என்றதும், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடி இன்ஜின் சூட்டை அளவாக வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. அப்போதைக்கு முள் இறங்கும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலேயே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரமும் கரியும் சேரும், உள்ளே தேய்மானம் கூடும். சூடானதற்கு உண்மையான காரணம், அடைத்த ரேடியேட்டரோ ஓயப்போகிற வாட்டர் பம்ப்போ, அப்படியே இருக்கும்.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவான நிறத்தில் கூலன்ட் தெரிந்தால் நல்லது. காவி நிறத்தில் இருந்தால் வெறும் தண்ணீரில் பல காலம் ஓடியிருக்கிறது, உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகட்டை, சந்தேகப்பட வேண்டும். அப்புறம் ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் மோர் கலந்த மாதிரி வெளுத்த பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது என்று பொருள். சின்ன ஓட்டமே ஓடுகிற வண்டியில் மழைக்காலத்தில் கொஞ்சம் இப்படி இருக்கலாம், கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் கவலை. அடுத்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் அந்த ஆயில் மூடியைக் (ரேடியேட்டர் மூடியை அல்ல) கொஞ்சம் தூக்குங்கள். மூச்சு வாங்குகிற மாதிரி குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. பின்னால் சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. இதெல்லாம் பார்த்த பிறகு, நல்ல மெக்கானிக்கிடம் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் (உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அளப்பது) செய்யச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலை. நாலிலும் அளவு ஒட்டி வந்தால் 62,000-ஐப் பற்றிப் பேசலாம். ஒன்றில் மட்டும் விழுந்தால் இன்ஜின் வேலை வரப்போகிறது, அப்போது மச்சான் சொன்னதே சரி.

இந்த இரண்டும் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட்டை அப்படியே ஒரே மூச்சில் செய்ய வேண்டாம், வரிசை முக்கியம்.

டைமிங் பெல்ட் முதலில். உங்கள் 1.1 இன்ஜினில் ரப்பர் பெல்ட், ஐ10-இலேயே வந்த இன்னொரு இன்ஜினான 1.2 கப்பாவில் செயின். செயின் தேய்ந்தால் சத்தம் கொடுக்கும். பெல்ட் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது, ஒரு நாள் அறுந்துவிடும், அதோடு வால்வு வளைந்தால் ஹெட்டை இறக்க வேண்டிவரும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசு ஆகிறது, அதுவும் நம் ஊர் சூட்டில். எப்போது மாற்றியது என்று பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் மாற்றும்போதே வாட்டர் பம்ப், டென்ஷனர், தெர்மோஸ்டாட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பிரித்துப் பூட்டுகிற கூலி ஒன்றுதான். அதோடு ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, சுத்திகரித்த தண்ணீரில் கலந்த கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள்.

அடுத்து டயர். பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் வருஷம். 2318 என்றால் 2018-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம். ஆறு வருஷத்துக்கு மேலானது எவ்வளவு அழகாக இருந்தாலும் நாலு வழிச்சாலையில் மே மாதத்து மதிய வெயிலில் அதை நம்பி எண்பதில் போகக் கூடாது. ஸ்டெப்னியையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.

சஸ்பென்ஷனில் முழு செட்டும் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். பல நேரம் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுன்ட் மட்டும் மாற்றினாலே கடகட சத்தம் அடங்கிவிடும். ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்திருந்தால் மாற்றுங்கள், அப்படி மாற்றினால் இடம் வலம் ஜோடியாக மாற்றுங்கள். கிளட்சை நீங்களே சோதிக்கலாம்: ஏதாவது பாலத்தில் ஏறும்போது நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் ஸ்லிப் ஆகிறது. பெடல் கனமாக இருப்பது மட்டும்தான் குறை என்றால் கேபிளாக இருக்கலாம், எஸ்டிமேட்டில் கிளட்சுக்குப் போட்ட ஒன்பதாயிரம் மிச்சம். எந்தப் பொருளை மாற்றினாலும் கழற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அது மெக்கானிக்கைச் சந்தேகிப்பது ஆகாது, நல்ல மெக்கானிக் தானே எடுத்துக் காட்டுவார்.

ஏசியைக் கடைசியில் வைத்திருக்கிறேன், தேவையில்லாத ஆடம்பரம் என்பதால் அல்ல. சித்திரை, வைகாசியில் வயதான அம்மாவை வைத்துக்கொண்டு ஏசி இல்லாமல் மதுரைக்குள் ஓட்ட முடியாது. ஆனால் எஸ்டிமேட்டிலேயே பெரிய தொகை அதுதான், 18,000. கம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்று எடுத்த எடுப்பில் சொன்னால் ஏசி வேலை மட்டுமே செய்கிற இன்னொரு கடையில் காட்டுங்கள். கண்டன்சரில் ஓட்டை, ஓ-ரிங் கசிவு, மேக்னட்டிக் கிளட்ச், ரேடியேட்டர் ஃபேன் சரியாகச் சுற்றாதது என்று அதை விடச் சின்னக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் அடித்து அனுப்புகிற கடைக்கு இரண்டாவது முறை போகாதீர்கள்.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பம்ப்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. உங்கள் வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல; அதற்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில் இருந்துதான். எத்தனாலில் பெட்ரோலை விட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் சில சதவீதம் இறங்குவது இயல்பு, அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். ஆனால் பழைய பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் வெடித்திருக்கிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள், பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே. எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே வாரக்கணக்கில் வண்டியைச் சும்மா நிறுத்தாதீர்கள்.

இனி ஆர்.சி. "பதினைந்து வருஷம் ஆனால் வண்டியை எடுத்து உடைத்துவிடுவார்கள்" என்று ஊரெல்லாம் பேச்சு. அது டெல்லி வட்டாரத்துக் கதை. அங்கேதான் 10 வருஷத்து டீசலுக்கும் 15 வருஷத்து பெட்ரோலுக்கும் தடை என்ற உத்தரவுகள் வந்தன. இன்னொன்று, 2023 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிகளின் பதிவு செல்லாது என்று ஒரு விதி வந்தது. இரண்டையும் கலந்து தனியார் காருக்கும் அதே கதி என்று பரப்பிவிட்டார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரை 15 வருஷம் முடிந்ததும் எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம், அதற்கப்புறமும் ஐந்தைந்து வருஷமாக.

செலவு முன்பு போல் இல்லை என்பது உண்மை. 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் முதல் 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. இதோடு மாநிலத்தின் பசுமை வரி தனி. படிவம் 25-இல், ஆர்.சி. முடிவதற்கு முந்தைய அறுபது நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம் சேரும். அதை விடப் பெரிய ஆபத்து, ஆர்.சி. காலாவதியான வண்டி விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ் கையை விரிக்க இடம் கிடைத்துவிடும். மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் முன் நிறுத்துவதற்கு முன்னால் ஹெட்லைட் இரண்டும், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், பெல்ட் எல்லாம் வேலை செய்ய வேண்டும், மாசு சான்றிதழும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும். வண்டியின் நிறத்தை மாற்றியிருந்தாலோ, ஆர்.சி.யில் ஏற்றாமல் கேஸ் கிட் போட்டிருந்தாலோ அங்கே நிற்கும்.

இப்போது மச்சான் பக்கத்து நியாயம். அது காசு அல்ல, பிள்ளைகள். இந்தியாவில் எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயம் ஆனது 2019-இல். முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் அதற்கும் பின்னால்தான் கட்டாயமானது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சின்னக் கார்கள் ஐந்தை மோதிச் சோதித்தபோது ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள் ஐந்துமே பூஜ்ய நட்சத்திரம்தான் வாங்கின. ஐ10-உம் அதில் ஒன்று.  எவ்வளவு செலவு செய்து ரிப்பேர் பார்த்தாலும் இந்தக் குறை தீராது.

அதனால் எங்கே, எப்படி ஓட்டுகிறீர்கள் என்று நேர்மையாக யோசியுங்கள். திருமங்கலத்திலிருந்து மதுரைக்குள் ஆஸ்பத்திரி, கடைத்தெரு, பள்ளிக்கூடம், பகலில் ஊருக்குப் போய் வருவது, இதற்கு உங்கள் வண்டி போதும். குடும்பத்தோடு இரவு நேரத்தில் கன்னியாகுமரிச் சாலையில் நூறு, நூற்றிருபதில் போகிற வழக்கம் இருந்தால் என் பதில் மாறும். அப்போது வருஷம் அறுபதாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். இல்லை, எப்போதாவதுதான் தூரப் பயணம் என்றால் அதற்கு ரயிலோ வாடகை வண்டியோ போதும். எந்த வண்டியானாலும் பின்சீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும், பிள்ளையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காரக் கூடாது. இதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

அப்படியானால் எப்போதுதான் விடுவது? ஒரு நோட்டுப் போட்டு வண்டிக்கு ஆகிற ஒவ்வொரு செலவையும் தேதி, கிலோமீட்டரோடு எழுதிவாருங்கள். டயர், பேட்டரி, பிரேக் பேடு, கிளட்ச் எல்லாம் எந்த வண்டிக்கும் வருகிற செலவு, அவற்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரே கோளாறு சரிசெய்த பிறகும் இரண்டாவது, மூன்றாவது தடவை அதே பக்கத்தில் வந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். சிவப்பு மை கூடிவந்தால் நேரம் வந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் மாற்றியும் மறுபடி சூடாவது, கியர்பாக்ஸில் பேரிங் சத்தம், வயரிங்கில் பிடிபடாத பழுது, இவையெல்லாம் அந்த ரகம். ஸ்பேர் கிடைக்காமல் வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்பதும் ஒரு அறிகுறி. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்திக்கொண்ட கம்பெனிகளின் வண்டி வைத்திருப்பவர்கள் பாடி பார்ட்ஸுக்கும் எலக்ட்ரானிக் யூனிட்டுக்கும் இந்தச் சிரமத்தை எதிர்பார்க்கத்தான் வேண்டும். ஐ10-க்கு அந்தக் கவலை இல்லை, மதுரையிலேயே எல்லாம் கிடைக்கும்.

எல்லாவற்றையும் விட நான் பெரிதாக எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்றால், வாசலில் வண்டி நிற்கும்போதே ஆட்டோவைக் கூப்பிடத் தோன்றுகிறதா? அப்படித் தோன்ற ஆரம்பித்துவிட்டால் அந்த வண்டி ஓடினாலும் உங்களுக்குப் பயன் இல்லை. விற்றுவிடுங்கள்.

மச்சான் சொன்ன 2019 மாடலைத்தான் எடுப்பது என்று முடிவானால், அவசரப்படாதீர்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை பழைய கார் சந்தையில் தினமும் நடக்கிறது. உங்கள் வண்டியின் குறை ஒவ்வொன்றும் உங்களுக்குத் தெரியும். வரப்போகிற வண்டியின் குறை அதை விற்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். விலையிலும் பேச இடம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததில் புது வண்டி விலையே இறங்கிவிட்டது. அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்துக்கொண்டு யாராவது ஐந்து லட்சம் சொன்னால் புது வண்டியின் இன்றைய விலையை எடுத்துக் காட்டிப் பேசுங்கள். ஆனால் புது வண்டிக்குத் தாவும் முன் வாழ்நாள் வரியையும் கணக்கில் சேருங்கள்: 5 முதல் 10 லட்சத்துக்குள் உள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 13 சதவீதம். ஏழு லட்சத்து வண்டிக்கு 91,000. விற்கும்போது அந்தப் பணம் முழுதாகத் திரும்பி வராது.

வண்டி பார்க்கப் போகும்போது, நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். மீட்டரில் நாற்பதாயிரம் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையிலும், அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து எல்லா ஊருக்கும் போயிருக்கின்றன. மத்திய அரசின் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி, இன்சூரன்ஸ் பாருங்கள், சலான் பாக்கியையும் விடாதீர்கள். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டில் கிலோமீட்டர் ஏறி வந்திருக்கிற வரிசையையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, உங்கள் ஐ10-ஐ எப்போது விற்றாலும் பெயர் மாற்றம் முடிகிற வரை விடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் வெறும் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வருவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. டீலரிடம் கொடுத்தால் அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று பார்த்து, வண்டி அவர் கைக்குப் போன தகவலைப் படிவம் 29சி மூலம் பரிவாகனில் பதிவு செய்தபின் சாவியைக் கொடுங்கள். தனி ஆளிடம் விற்றால் வாங்குகிறவரின் ஆதார் நகல், தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டு, இரண்டும் கையில் இருக்கட்டும். உங்கள் இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கிற நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. விற்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்குகிற அடுத்த வண்டிக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்கும்.